புழு டப்பாவுக்கு அடியில்

ஆவணி 3, ஞாயிறு

எழுதும், சவரிமுத்து. என் பெயர் பலவேசம். வயது எழுபத்துநாலு. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். மூன்று தடவை ஒதுங்கியிருக்கிறேன். மூன்றும் எந்தெந்த மழை என்று இப்போதும் சொல்வேன்.

சொல்கிறவன் நான். எழுதுகிறவர் சவரிமுத்து, இந்தக் கல்லிடைக்குறிச்சியில் முப்பத்தோரு வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்னதை மட்டும் எழுத வேண்டும், நடுவில் மாதாவையும் ஆண்டவரையும் கொண்டுவந்து சேர்க்கக் கூடாது என்று பேச்சு.

இந்த வயதில் நோட்டுப் போட என்ன அவசியம் என்று கேட்டார். அவசியம் இருக்கிறது. மூத்தவன் பட்டமுத்து தூத்துக்குடியிலிருந்து இளையவன் நயினாருக்குப் போன் பேசினான். "அப்பாக்கு ஞாபகம் தப்புதுடா" என்றான். நயினார் அப்போது திருப்பூரிலிருந்து வந்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். போன் சத்தமாக வைத்திருந்தது.

எனக்கு ஞாபகம் தப்புகிறதாம். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் எத்தனை படி நனைந்தது என்று நான் சொல்வேன். அரிசி மில்லில் முப்பத்தெட்டு வருஷம் நெல் அவிக்கிற அடுப்புக்கு உமி தள்ளினேன். அந்த வருஷங்களில் எந்த ஞாயிற்றுக்கிழமை தாமிரபரணியில் என்ன மீன் கடித்தது என்று கேளுங்கள், சொல்வேன். ஆறு நாள் முகத்தில் நெருப்பு, ஏழாம் நாள் காலில் தண்ணீர். அப்படித்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

அடுத்தது முக்கியம். ஆடி 26 அன்று படித்துறையில் நான் விழவில்லை. உட்கார்ந்தேன். கொஞ்சம் வேகமாக உட்கார்ந்தேன், அவ்வளவுதான். கீழிருந்து நாலாவது படி.

அதை யாரோ பையன்களுக்குச் சொல்லிவிட்டார்கள். யாரோ என்ன, டீக்கடை ஆவுடையப்பன்தான். படித்துறையைப் பார்த்த கடை அவனுடையது. அன்று முதல் அவன் கடையில் நான் டீ குடிப்பதில்லை.

நயினார் முதலில் வந்தான், ஆடி 28 அன்று மூத்தவனும் வந்து சேர்ந்தான். பட்டமுத்து சொன்னான்: "எப்பா, நீங்க எங்கூட தூத்துக்குடிக்கு வந்திருங்க. அம்ம திருப்பூருக்குப் போட்டும். நயினார் வீட்ல பிள்ளையப் பாக்க ஆளு வேணும்லா."

அண்டா மூத்தவனுக்கு, குண்டா இளையவனுக்கு. பாகம் பிரிக்கிறபோது அப்படித்தான் பிரிப்பார்கள்.

நயினார் இளகின மனசுக்காரன். "இப்பமே வேண்டாம்ணே. புரட்டாசி பொறக்கட்டும். ஆனா எப்பா, அதுக்குள்ள தனியா ஆத்துக்குப் போனீங்கன்னா பெறவு எங்கிட்ட பேசாதீங்க" என்றான்.

பேராச்சி என் பெண்டாட்டி. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஒரு முறம் கீரையும் உருவி முடிகிறவரை தலை நிமிரவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நான் யோசித்துவிட்டேன். தனியாகத்தானே போகக் கூடாது? துணையோடு போகலாம் அல்லவா? சவரிமுத்து இடுப்பு எலும்பு மாற்றியவர், படி இறங்கமாட்டார். மிச்சம் இருப்பது பேராச்சி. நாற்பத்தொன்பது வருஷத்தில் தூண்டிலைக் கையால் தொடாதவள். அவளுக்கு மீன் பிடிக்கும் ஆசையை உண்டாக்க வேண்டும். அவள் பாட்டுக்கு ஞாயிறு, புதன் வந்து உட்கார்ந்து பழகிவிட்டால் பிறகு விட்டுப் போக மனசு வராது. ஆற்றை விட்டு, நான் சொல்வது.

வேறு காரணம் ஒன்றும் இல்லை. அதையும் எழுதும்.

நோட்டை எங்கே வைப்பது என்று சவரிமுத்து கேட்டார். பேராச்சி எட்டாம் வகுப்பு படித்தவள். கடலை மடித்த காகிதத்தையும் விரித்து நீவிப் படித்துவிட்டுத்தான் போடுவாள். ஆகவே என் தூண்டில் பையில், புழு டப்பாவுக்கு அடியில். அந்தப் பை கிடக்கிற மூலையில் அவள் விளக்குமாற்றைக்கூட விடமாட்டாள்.

ஆவணி 4, திங்கள்

இன்று ரசத்தில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை. எழுதி மட்டும் வைக்கச் சொன்னேன்.

ஆவணி 6, புதன்

இன்று ரசத்தில் உப்பளத்தையே கரைத்திருந்தாள். நாற்பத்தொன்பது வருஷம் கூட இருந்தால் சொல்லாததும் தெரிந்துவிடும் போலிருக்கிறது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மெல்ல ஆரம்பித்தேன்.

"ஏட்டி, ஆத்துல தண்ணி நல்லா போகுது."

"போட்டும்."

"காத்தும் நல்லாருக்கு."

"இங்க காத்தாடி சுத்துதுல்லா."

"ஒரு நா வந்து சும்மா உக்காரேன்."

"நான் எதுக்கு? மீனுக்கும் எனக்கும் என்ன, கொடுக்கல் வாங்கல் உண்டா, கொள்வினை கொடுப்பினை உண்டா?"

முதல் நாளே இழுத்தால் தூண்டில் நரம்பு அறுந்துபோகும்.

ஆவணி 7, வியாழன்

ஆற்றுக்குத்தான் போகக் கூடாது என்றார்கள். கால்வாயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கால்வாயில் போட்டேன். சுண்டுவிரல் நீளத்தில் மூன்று குஞ்சு. அவற்றைப் பிடித்ததற்கு நானே வெட்கப்பட்டுத் திரும்ப விட்டேன்.

ஆவணி 10, ஞாயிறு

தந்திரம் ஒன்று செய்தேன். அவளுக்கு மீனில் அக்கறை இல்லாவிட்டாலும் மாவு பிசைவதில் அக்கறை உண்டு. தன் கைப்பக்குவத்தை ஒருத்தன் குறை சொன்னால் பொறுக்கமாட்டாள். ஆகவே நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து, தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து, வேண்டுமென்றே தண்ணீரை அதிகமாக விட்டேன்.

பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாத்திரத்தைப் பிடுங்கினாள். "இத மீனு திங்குமா? நாய் திங்குமா? தள்ளுங்க" என்றாள். தண்ணீரை வடித்தாள். கொஞ்சம் மைதா, ஒரு சிட்டிகைப் பெருங்காயம், ஒரு வெல்லக்கட்டி. ஆவி காட்டி எடுத்து நெல்லிக்காய் அளவில் உருட்டினாள். இருபத்திரண்டு உருண்டை, ஒன்றுக்கொன்று பிசகாமல். தூக்குச்சட்டியில் அடுக்கி மூடி கையில் கொடுத்தாள்.

அதை எடுத்துக்கொண்டு சவரிமுத்து வீட்டுக்கு வந்து, அவருடைய மேசையில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனேன். கோயிலிலிருந்து பூசை முடிந்து பசியோடு வந்த மனிதர் திறந்து பார்த்திருக்கிறார். நான் வரும்போது வாய் நிறைய இருந்தது.

"மயினி கைக்கு மோதிரம் போடணும்வே. என்ன பலகாரம் இது?"

"எத்தன தின்னீரு?"

"நாலு."

"கெண்டைக்கு வச்சது வே அது."

இதை எழுதமாட்டேன் என்று பேனாவை மூடினார். எழுதவில்லையென்றால் நோட்டு நின்றுவிடும் என்றேன். எழுதுகிறார்.

மிச்சம் பதினெட்டு உருண்டைக்குக் கால்வாயிலேயே ஒன்பது கெண்டை. வீட்டில் கொண்டுபோய்க் காட்டி, "எல்லாம் ஒன் மாவு" என்றேன். "பெறவு ஒங்க மூஞ்சிக்கா வரும்?" என்றாள். ஆனால் எண்ணிப் பார்த்தாள். நான் பார்த்தேன், எண்ணினாள்.

ஆவணி 11, திங்கள்

சவரிமுத்துவுக்கு வயிறு நன்றாக இருக்கிறது. பேராச்சி காலையில் என்னிடம், "சவரி அண்ணனுக்கு ஒண்ணும் செய்யலியே?" என்று கேட்டாள். நான் அவளிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன்.

ஆவணி 13, புதன்

அவளுக்கென்று தனியாக ஒரு கம்பு வெட்டினேன். இளமூங்கில், ஏழு முழம், கைக்குப் பாரமில்லாதது. கணுவெல்லாம் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, பிடிக்குத் துணி சுற்றி, மயிலிறகுத் தண்டில் தக்கை செய்து, அடுப்படிக் கதவோரம் சாத்தி வைத்தேன். சும்மா சாத்தி வைத்தேன்.

மத்தியானம் பார்த்தால் அதன் நுனியில் விளக்குமாற்றைக் கட்டி ஒட்டடை அடித்துக்கொண்டிருக்கிறாள்.

"நல்ல கம்புங்க. மூலமுடுக்கெல்லாம் எட்டுது" என்றாள்.

ஆவணி 17, ஞாயிறு

இன்று அவளிடம் பழைய கதை சொல்லிப் பார்த்தேன். கதை கேட்டால் ஆசை வரும். என்னுடைய பெரிய விராலின் கதையைச் சொன்னேன். எண்பத்தொன்று தீபாவளிக்கு மறுநாள், மில் லீவு. ஆலமரத்தடிக் கசம், ஆற்றில் ஆழமான மடு. தவளைக் குஞ்சு கோத்துப் போட்டேன். பத்தரை மணிக்கு இழுத்தது. முழங்கையிலிருந்து விரல் நுனியையும் தாண்டிய விரால். கரையேற்ற முக்கால் மணி நேரம். அன்றைக்கு வைத்த குழம்பின் ருசியை இன்றைக்கும் நாக்கில் வைத்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், அவளிடமும் சொன்னேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகை நிறுத்தினாள்.

"அன்னைக்கு வேற என்ன நடந்துச்சு?"

"வேற என்ன?"

"நீங்கதான் சொல்லணும். வெள்ளத்துல எந்த வீட்ல எத்தன படி நனைஞ்சுதுன்னு சொல்லத் தெரியுதுல்லா? இதையும் சொல்லுங்க."

நான் தூண்டில் நரம்பில் சிக்கல் எடுக்க ஆரம்பித்தேன்.

"ஞாபகம் ஞாபகம்னு பீத்திக்கிட வேண்டியது. எல்லாம் மீனுக்குத்தான். மனுசருக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் புடைத்தாள். தவிடு என் பக்கமாகப் பறந்தது.

வெள்ளத்துப் பேச்சு இப்போது ஏன் வந்தது என்று தெரியவில்லை.

ஆவணி 20, புதன்

சவரிமுத்து, இன்று நான் நிறுத்தும்வரை குறுக்கே பேசாதீர்.

மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாள். மறக்கவில்லை. எண்பத்தொன்று தீபாவளிக்கு மறுநாள் காலை நான் கிளம்பும்போது அவள் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சையில் மஞ்சள் கரை போட்ட சேலை. "இடுப்பு கடுக்கு" என்றாள். நாள் இன்னும் பன்னிரண்டு இருக்கிறது என்று கணக்கு. "சுக்குத் தட்டிப் போட்டுக் குடி" என்று சொல்லிவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போனேன்.

பத்தரைக்கு விரால் இழுத்தது. பத்தரைக்கு அவள் மூன்று வயசுப் பட்டமுத்துவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரயில் போகிறவரை நின்றாள். கேட்கீப்பர் பெண்டாட்டிதான் தாங்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இதை அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்கீப்பர் எண்பத்திரண்டு சித்திரையில் சொன்னார். எனக்குத் தெரியும் என்று நானும் அவளிடம் சொன்னதில்லை.

சாயங்காலம் விராலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்சம்மா, "மீன வெளிய வச்சிட்டு வாரும்" என்றாள். வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு உள்ளே போய் நயினாரைப் பார்த்தேன். பேராச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். வெளியே வந்தால் மீன் இல்லை. நாய் கொண்டு போய்விட்டது.

அந்த விராலை யாரும் குழம்பு வைக்கவில்லை. ருசி என்று நாற்பது வருஷம் நான் சொன்னது பொய்.

இன்னொன்றும் எழுதும். வலது கால் விரல்களில் உணர்ச்சி இல்லை. போன மாசம் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் கடைத்தெருவிலிருந்து வீடுவரை நடந்திருக்கிறேன். இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. சொன்னால் தூத்துக்குடிதான்.

சவரிமுத்து மூக்கை உறிஞ்சுகிறார். அவருக்குச் சளி என்று எழுதச் சொல்கிறார்.

ஆவணி 22, வெள்ளி

பேராச்சி கடைத்தெருவுக்குப் போய் எனக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்திருக்கிறாள். பின்னால் வார் வைத்து மாட்டுவது. முதல் வகுப்புப் பிள்ளை போடுவதுபோல் இருக்கிறது. எனக்கு எதற்கு என்றேன்.

"தள்ளுபடியில போட்டிருந்தான். கெடக்கட்டும்" என்றாள். குனிந்து அவளே வாரை மாட்டினாள். விரலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தொட்டது தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆவணி 24, ஞாயிறு

வந்தாள்!

நான் ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. காலையில் பையைத் தோளில் போட்டு, கால்வாய்க்கு என்று கிளம்பினேன். கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஒட்டடைக்கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விளக்குமாற்றை அவிழ்த்திருந்தாள்.

"கால்வாயில என்ன இருக்கு, சாக்கட. ஆத்துக்கு நடங்க."

நாற்பத்தைந்து நாள் பட்டினி கிடந்தவனுக்கு இலை போட்ட மாதிரி இருந்தது. தப்பு, இன்றோடு சரியாக முப்பது நாள். சவரிமுத்து, இரண்டையும் எழுதும். தப்பினால் தப்பினேன் என்று சொல்கிறவன் நான்.

படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? மேலத்தெரு வள்ளிநாயகம் பெண்டாட்டி சோப்புக் கையோடு நிமிர்ந்தாள்.

"என்ன பேராச்சி மயினி, அண்ணனுக்குக் காவலா?"

"இல்ல. ஒனக்குக் காவலு. நீ ஆத்தையே துவச்சு முடிச்சிருவ போலுக்கே."

"பொம்பள தூண்டி புடிச்சு நான் பாத்ததில்ல."

"அப்பம் நல்லாப் பாத்துக்கோ. டிக்கெட்டு கெடையாது."

கடைசிப் படியில் இறங்காமல் நாலாவது படியில் என்னை உட்கார வைத்தாள். தான் ஒரு படி கீழே, எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். எனக்குத் தக்கை பாதிதான் தெரிந்தது, மீதி அவள் முதுகு. புழுவைத் தொடமாட்டேன் என்றாள். மாவு கோத்துக் கொடுத்தேன். மூன்று தடவை கடித்தது, மூன்று தடவையும் வெட்டி இழுக்காமல் வாய் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள்.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அந்த வெரால நாய் திங்கட்டும்னு அன்னைக்கு நேந்துகிட்டேன்" என்றாள்.

நாய் தின்ற கதை இவளுக்கு எப்படித் தெரியும்? நர்சம்மா சொல்லியிருப்பாள்.

ஆவணி 27, புதன்

கெண்டை ஏழு. ஐந்து அவளுடையது. சும்மா சொல்லக் கூடாது, தக்கை பார்க்கிற கண் அவளுக்கு என்னைவிடக் கூர்மை. எப்படி என்று கேட்டேன்.

"அம்பது வருசமா பால் பொங்காமப் பாத்த கண்ணு. எந்த நிமிசத்துல எந்திரிக்கும்னு தெரியாதா?"

ஒரு சிலேபிக் கெண்டை பெரிதாக மாட்டியபோது கம்பை என்னிடம் கொடுக்கச் சொன்னேன். "ஒங்க சோலியப் பாருங்க" என்று சொல்லி, பல்லைக் கடித்து, தானே கரையேற்றினாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. வள்ளிநாயகம் பெண்டாட்டியைப் பார்த்து மீனைத் தூக்கிக் காட்டினாள்.

ஆவணி 31, ஞாயிறு

பட்டமுத்து போன் செய்தான். புரட்டாசி 6 சனிக்கிழமை இரண்டு பேரும் வண்டியோடு வருகிறார்களாம். "முடிவு பண்ணி வைங்கப்பா" என்றான். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். அவள் உள்ளறைக்குப் போய்ப் பேசினாள்.

புரட்டாசி 2, செவ்வாய்

கட்டிலுக்கு அடியில் ரெக்சின் பை இருக்கிறது. இழுத்துத் திறந்து பார்த்தேன். சேலை இரண்டு, துண்டு, தூக்குச்சட்டி, பிளாஸ்க்.

சரி. போகட்டும். பேரப்பிள்ளை இருக்கிறது, பார்க்கத்தான் வேண்டும். நான் யாரையும் இரு என்று கெஞ்சினவன் இல்லை. தூத்துக்குடியில் கடல் இருக்கிறது. கடலிலும் மீன் இருக்கிறது.

புரட்டாசி 3, புதன்

சவரிமுத்து எழுத என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று எழுதச் சொன்னேன்.

புரட்டாசி 6, சனி

காலை ஐந்தரைக்கு எழுப்பினாள். கையில் ரெக்சின் பை, தோளில் கம்பு.

"நேரமாச்சு, எந்திரிங்க."

"பையன்மாரு ஒம்பது மணிக்கு வாராங்க."

"வரட்டும். வீடு பூட்டிக் கெடந்தா எங்க தேடணும்னு அவங்களுக்குத் தெரியும்."

பேராச்சி புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒரு பொழுது. வீட்டில் மீன் வாசனையே கூடாது. அதை ஞாபகப்படுத்தினேன். "திங்கதுக்குத்தான வெரதம். புடிக்கதுக்கு என்ன?" என்றாள்.

நாலாவது படியில் பையைத் திறந்தாள். நனைந்தால் மாற்ற ஒரு சேலை, விரித்து உட்கார ஒரு பழஞ்சேலை, துடைக்கத் துண்டு, பிளாஸ்கில் எனக்குக் கருப்பட்டி போடாத காபி, சட்டியில் எனக்கு இட்லி, ஒரு மூலையில் என் சர்க்கரை மாத்திரை. அவ்வளவுதான் அந்தப் பையில். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் காற்று பட்டது.

பிடித்த ஒவ்வொன்றையும் முள்ளைக் கழற்றி, "போ, அடுத்த வாரம் வா" என்று தண்ணீரில் விட்டாள். ஆறாவதை விடும்போது மேலே செருப்புச் சத்தம்.

"எம்மா! புரட்டாசிச் சனிக்கெழம மீனா?" பட்டமுத்து.

"வாளியப் பாருலே. தண்ணிதான் இருக்கு."

"என்னம்மா இது? தெருவே சிரிக்கி. வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்து..."

"தனியாப் போகக் கூடாதுன்னுதான சொன்னிய? தனியாவா இருக்காரு?"

"ரெண்டு பேரும் சேந்து வுழுந்தா யாரு தூக்க?"

"கெழவிக்கு எழுவது ஆகல இன்னும். ஒன்னயத் தூக்கிட்டு ஒரு மைலு நடந்தவ நான், வயித்துல இன்னொருத்தனையும் வச்சுக்கிட்டு. தூக்குவேன்."

பட்டமுத்து மேல்படியிலேயே நின்றான். நயினார்தான் படியிறங்கி வந்து அவள் பக்கத்தில் குந்தினான். மெதுவாகத்தான் கேட்டான். "எம்மா, நாங்க நல்லதுக்குத்தான சொல்லுதோம். நீ எங்கூட வந்தா பிள்ளைக்கும் ஆச்சு. அப்பாவ அண்ணன் ராசா மாதிரி பாப்பாம்லா."

"பாப்பான். தெரியும். ஆனா நானும் ஒங்கப்பாவும் அண்டா குண்டாவா, ஆளுக்கொண்ணா எடுத்துக்கிட்டுப் போக? கூப்பிட்டா வாரோம். உப்பு வாங்க வருமாப்பல ரெண்டு பேரும் சேந்து வாரோம், சேந்து திரும்புதோம். எங்கள்ல ஒருத்தரு போன பெறவு மிச்சத்த எவன் வேணும்னாலும் கொண்டு போங்க. அதுவர இந்தப் படிதான்."

பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாள். நாற்பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் நான் எதையும் கேட்டதில்லை.

"தக்கையப் பாரு. அமுங்குது" என்றேன்.

வெட்டினாள். ஏழாவது. நயினார் சிரித்துவிட்டான். பட்டமுத்து சிரிக்கவில்லை, ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு மேல்படியில் உட்கார்ந்தான். போகும்போது என் காலைப் பார்த்து, "இந்தச் செருப்பையே போட்டுக்கிடுங்க. ஆடிலயும் தையிலயும் ஆஸ்பத்திரிக்கு வரணும், நான் வந்து கூட்டிட்டுப் போவேன்" என்றான். அதற்கு நான் சரி என்றேன். அவனும் என் பிள்ளைதான்.

வண்டி காலியாகப் போயிற்று. எழுதும்: காலியாக.

புரட்டாசி 7, ஞாயிறு

நோட்டைத் திறந்த சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"வே, இதுல இன்னொரு எழுத்து இருக்குவே."

"எது?"

"நேத்து நான் எழுதி முடிச்ச எடத்துக்குக் கீழ. நீல மை. குண்டு குண்டா. நம்ம கை இல்ல இது."

படியும் என்றேன். படித்தார்.

"சவரி அண்ணனுக்கு வணக்கம். முதல் நாளிலிருந்தே படித்து வருகிறேன். இவர் பையை அந்த மூலையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினார். இத்தனை வருஷம் தரையில் கிடந்த பைக்கு என்ன வாழ்வு என்று பார்த்தேன். புழுவைத் தொட அருவருப்புதான். தொட்டேன்.

ரயில்வே கேட்டில் நின்றது இவருக்குத் தெரியாது என்று நாற்பத்திரண்டு வருஷம் மனசுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன். தெரியும் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். அன்றைக்குத்தான் விளக்குமாற்றை அவிழ்த்தேன்.

இரண்டு திருத்தம். ஆடி 26 அன்று இவர் உட்காரவில்லை, விழுந்தார். முதுகில் படியின் தடம் மூன்று வரியாக இருந்தது. தூங்கின பிறகு எண்ணெய் தடவினேன். பையன்களுக்குப் போன் போட்டது ஆவுடையப்பன் இல்லை, நான். பயந்துவிட்டேன். பாவம், அந்த மனுஷன் கடையில் டீ குடிக்கச் சொல்லுங்கள்.

மற்றபடி ரசத்தில் உப்பு இருந்தது. இவர் நாக்கில்தான் இல்லை. பேராச்சி."

இரண்டாம் தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாம் தடவை நான் கேட்காமலே சவரிமுத்து படித்தார்.

பிறகு இரண்டு பேரும் ஆவுடையப்பன் கடைக்கு நடந்தோம். "என்னண்ணே, வழி தப்பிட்டா? நாப்பத்துநாலு நாளா ஆளக் காணோம்" என்றான். அவனும் எண்ணியிருக்கிறான். இரண்டு டீ குடித்தேன். இப்போது திரும்பி வந்து சொல்கிறேன்.

எழுதும் சவரிமுத்து. பெரிய எழுத்தாக எழுதும், அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது.

ஆடி 26 அன்று விழுந்தேன். சரி. நாலாவது படி என்று சொன்னதில் மாற்றமில்லை.

ஆனால் அந்த ரசத்தில் உப்பு இல்லை.

எழுதிவிட்டீரா? மூடும். கொண்டாரும் இங்கே. புழு டப்பாவுக்கு அடியில் வைக்க வேண்டும்.